தேம்ஸ் கரையில் 13 ஏக்கர்

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், வாட்டர்லூ பாலத்துக்கும் பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்துக்கும் நடுவே காயின் ஸ்ட்ரீட் என்றொரு சிறிய தெரு இருக்கிறது. அந்தத் தெருவின் பெயரால் அறியப்படும் மனைத்தொகுதி சுமார் 13 ஏக்கர். ஆற்றை ஒட்டி நடைபாதை, அதன் பின்னே புல்வெளிப் பூங்கா, சிறு கடைகள், பட்டறைகள், அவற்றுக்கும் பின்னே முற்றமும் தோட்டமும் வைத்துக் கட்டிய வீடுகள். எதிர்க்கரையில் பார்த்தால் செயின்ட் பால் பேராலயத்தின் கவிகைமாடம் தெரியும். இப்படியொரு இடத்தில் வங்கி அதிகாரிகளும் வெளிநாட்டுச் செல்வந்தர்களும் குடியிருப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் இங்கே வாடகை கட்டிக் குடியிருப்பவர்கள் சாதாரணச் சம்பளக்காரர்கள். வட்டாரத்து மக்கள் 1974-இல் ஒரு ஓட்டல் திட்டத்தை எதிர்த்துக் கிளம்பி, பத்து ஆண்டுகள் விடாமல் நின்று, கடைசியில் நிலத்தையே வாங்கிய கதை இதன் பின்னால் இருக்கிறது. நகர அமைப்பில் மக்கள் கருத்துக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி எழும்போதெல்லாம் பிரிட்டனில் இந்த 13 ஏக்கர் பேச்சில் வந்துவிடும்.

தேம்ஸின் தென்கரை நெடுங்காலம் லண்டனின் கொல்லைப்புறமாகவே இருந்தது. ஆட்சியும் வணிகமும் வடகரையில். கிடங்கு, படகுத்துறை, அச்சகம், உணவுப் பொருள் ஆலை எல்லாம் தென்கரையில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாட்டர்லூ வட்டாரத்தில் ஏறக்குறைய 50,000 பேர் வாழ்ந்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய விமானங்கள் போட்ட குண்டுகள் பல வீதிகளை அழித்தன. போருக்குப் பிறகு ஆற்றோரத் தொழில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1951-இல் பிரிட்டன் விழா என்ற பெரிய பொருட்காட்சி சற்று மேற்கே நடந்தது; அதன் நினைவாக ராயல் ஃபெஸ்டிவல் ஹால் என்ற இசையரங்கம் நின்றுவிட்டது. அதை அடுத்துக் கலையரங்குகள் வந்தன, அலுவலகக் கட்டடங்கள் வந்தன, குடியிருந்தவர்கள் மட்டும் கிளம்பிப் போனார்கள். 1970-களின் தொடக்கத்தில் மக்கள்தொகை சுமார் 4,000 ஆகச் சுருங்கியிருந்தது. ஆள் குறைந்ததால் பள்ளிகளும் கடைகளும் மூடின. அவை மூடியதால் இன்னும் சிலர் கிளம்பினார்கள். ஓர் ஊர் எப்படிக் காலியாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

இந்த நிலையில்தான் 1974-இல் ஐரோப்பாவிலேயே மிக உயரமான ஓட்டலையும், பத்து லட்சம் சதுர அடிக்கு மேல் அலுவலகங்களையும் இங்கே கட்டப்போவதாக அறிவிப்பு வந்தது. நிலத்தில் ஏறத்தாழப் பாதி, இறைச்சி வணிகத்தில் பெரும்பணம் சேர்த்த வெஸ்டி குடும்பத்தாரின் கையில் இருந்தது. மறுபாதி கிரேட்டர் லண்டன் கவுன்சில் என்ற மாநகர ஆட்சி மன்றத்துக்குச் சொந்தம். எஞ்சியிருந்த குடும்பங்களுக்கு இது கடைசி அடியாகத் தோன்றியது. இரவானால் விளக்கணைந்து கிடக்கும் அலுவலகத் தெருக்களுக்கு நடுவே எந்தப் பள்ளி நடக்கும், எந்தக் காய்கறிக் கடை திறந்திருக்கும்?

எதிர்ப்புத் தெரிவிக்க அவர்களுக்குச் சட்டத்தில் இடம் இருந்தது. பிரிட்டனில் 1947-ஆம் ஆண்டின் நகர், ஊரமைப்புச் சட்டம் ஒரு பெரிய மாறுதலைக் கொண்டுவந்திருந்தது. அதன்படி, நிலம் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கலாம். அதில் எதையாவது கட்டும் உரிமை அவருக்குத் தானாக வந்துவிடாது. ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். ஆனால் அந்த அனுமதியைத் தீர்மானிப்பதில் மக்களுக்கு என்ன பங்கு என்பதைச் சட்டம் அதிகம் பேசவில்லை. 1968-இல் வந்த திருத்தச் சட்டம், வளர்ச்சித் திட்டம் தீட்டும்போது பொதுமக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்றது. அதை எப்படிச் செய்வது என்று ஆராய நாடாளுமன்ற உறுப்பினர் ஆர்தர் ஸ்கெஃபிங்டன் தலைமையில் அமைந்த குழு 1969-இல் அறிக்கை தந்தது.

அதே 1969-இல் அமெரிக்காவில் ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியாக அவர் வரைந்து காட்டினார். அடிப்படியில் மக்களை ஏமாற்றிக் கையெழுத்து வாங்குவது. உச்சிப்படியில் முடிவெடுக்கும் அதிகாரமே மக்கள் கையில். கருத்துக் கேட்பது என்பது அந்த ஏணியில் நான்காவது படிதான். கேட்பவர் கேட்டுக்கொள்வார், குறித்துக்கொள்வார், பிறகு தாம் நினைத்ததைச் செய்வார். கேட்டதைக் கணக்கில் எடுக்கும் கட்டாயம் அவருக்கு இல்லை. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போய்வந்த எவருக்கும் அந்த நான்காம் படி தெரிந்த இடமே. காயின் ஸ்ட்ரீட் மக்கள் எட்டாம் படிக்கு எப்படிப் போனார்கள் என்பதுதான் இங்கே சுவையான பகுதி.

அவர்கள் செய்த முதல் காரியம், வேண்டாம் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாதது. 1977-இல் காயின் ஸ்ட்ரீட் செயற்குழு என்ற அமைப்பு உருவானது. வாட்டர்லூ வட்டாரத்துக் குடியிருப்போர் அமைப்புகள் பலவும் ஒரு கூட்டமைப்பாக அதனோடு சேர்ந்தன. ஓட்டலையும் அலுவலகத்தையும் எதிர்த்த கையோடு, அதே நிலத்தில் தங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் அவர்கள் வரைந்து வைத்தார்கள். குறைந்த வாடகையில் குடும்பங்களுக்கு வீடு, ஒரு பூங்கா, ஆற்றங்கரை நடைபாதை, சிறு தொழில்களுக்குப் பட்டறை, கடைகள், பொழுதுபோக்குக்கு இடம். எந்த மனையில் எது, எத்தனை வீடு, பணம் எங்கிருந்து வரும் என்பதெல்லாம் கணக்காக இருந்தது. அதை முறையான கட்டுமான விண்ணப்பமாகவும் சமர்ப்பித்தார்கள்.

இதன் அருமை புரிய வேண்டுமானால், பிரிட்டனில் பொது விசாரணை என்ற ஏற்பாடு நடக்கும் விதம் தெரிந்திருக்க வேண்டும். பெரிய, சர்ச்சைக்குரிய விண்ணப்பமாக இருந்தால், முடிவெடுக்கும் பொறுப்பை உள்ளாட்சியிடமிருந்து மத்திய அமைச்சர் தம் கைக்கு எடுத்துக்கொள்ளலாம். அப்போது ஓர் ஆய்வாளரை நியமித்து விசாரணை நடத்தச் சொல்வார். அது பாதி நீதிமன்றம் போலவே இருக்கும். கட்டுமான நிறுவனத்துக்குப் பெரிய வழக்கறிஞர்கள் வாதாடுவார்கள்; கட்டடக் கலைஞர், போக்குவரத்து வல்லுநர், மதிப்பீட்டாளர் என்று சாட்சிகள் வருவார்கள்; குறுக்கு விசாரணை உண்டு. அக்கம்பக்கத்துக்காரரும் எழுந்து பேசலாம். ஆய்வாளர் எல்லாவற்றையும் கேட்டு அறிக்கை எழுதுவார். இறுதிச் சொல் அமைச்சருடையது. வெறும் ஆட்சேபம் மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த மேடை வசதியானதல்ல. தரிசாகக் கிடக்கும் நிலத்தில் கட்டவே கூடாது என்கிறீர்களா என்ற ஒரே கேள்வியில் அவர் மடங்கிவிடுவார். கையில் மாற்றுத் திட்டம் இருந்தால் நிலைமை வேறு. ஒன்றை ஏற்பதா தள்ளுவதா என்பது போய், இரண்டில் எது மேல் என்பது கேள்வியாகிறது.

முதல் விசாரணை 1979-இல் தொடங்கியது. ஓட்டல் கனவு அதற்குள் பின்தங்கி, அலுவலகங்களே முன்னுக்கு வந்திருந்தன. கிரேகோட் என்ற நிறுவனம் முக்கியப் போட்டியாளர். அதன் திட்டத்தை வரைந்தவர் பாரிஸ் பாம்பிடு மையத்தால் உலகப்புகழ் பெற்றிருந்த ரிச்சர்ட் ராஜர்ஸ். வாட்டர்லூ ரயில் நிலையத்துப் பக்கமிருந்து ஆறு வரை கண்ணாடிக் கூரை போட்ட நடைவீதி, அதன் இருமருங்கும் அலுவலகக் கோபுரங்கள், ஆற்றைக் கடக்கப் புதிய நடைப்பாலம் என்பது அவர் கற்பனை. கட்டடக் கலைஞர்கள் மெச்சினார்கள். வட்டாரத்து மக்களோ, தெருக்களுக்கும் ஆற்றுக்கும் குறுக்கே எழப்போகும் அந்தத் தொடருக்கு ‘பெர்லின் சுவர்’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு பட்டப்பெயர் எத்தனை பக்க மனுவின் வேலையைச் செய்கிறது என்பதற்கு இது சான்று.

1980-இல் சுற்றுச்சூழல் துறை அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் அத்தனை விண்ணப்பங்களையும் நிராகரித்தார். அலுவலகத் திட்டங்கள் அந்த இடம் தாங்காத அளவுக்குப் பருமனானவை. மக்கள் திட்டமோ அந்த இடத்தின் வாய்ப்பை, முக்கியமாக வேலைவாய்ப்பை, முழுதாகப் பயன்படுத்தவில்லை என்பது அவர் கண்ட குறை. இரு தரப்பும் திட்டங்களைத் திருத்திக்கொண்டு 1981-இல் இரண்டாவது விசாரணைக்கு வந்தன. அந்த ஆண்டு இன்னொன்றும் நடந்தது. மாநகரத் தேர்தலில் தொழிற்கட்சி வென்று, கென் லிவிங்ஸ்டன் கிரேட்டர் லண்டன் கவுன்சிலின் தலைவரானார். அதுவரை அலுவலகங்களை ஆதரித்து வந்த நில உடைமையாளர் ஒரே நாளில் மக்கள் பக்கம் சாய்ந்தார். காயின் ஸ்ட்ரீட்டை மக்கள் விடாமுயற்சியின் கதையாக மட்டும் சொல்பவர்கள் இந்தத் தேர்தலை ஓரமாகத் தள்ளிவிடுவது வழக்கம். அது சரியல்ல. முயற்சி இல்லாவிட்டால் 1981 வரை தாக்குப்பிடித்திருக்க முடியாது. தேர்தல் முடிவு மாறியிருந்தால் தாக்குப்பிடித்தும் பயனிருந்திருக்காது.

1982 டிசம்பரில் வந்த தீர்ப்பு விசித்திரமானது. ஹெசல்டைன் இரண்டு திட்டங்களுக்கும் அனுமதி கொடுத்துவிட்டார். ஒரே நிலத்தில் இரண்டையும் கட்ட முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கட்டுவதற்கு அனுமதி மட்டும் போதாது, நிலமும் வேண்டும். கிரேகோட் தரப்பிடம் பாதி நிலம். மாநகர மன்றத்திடம் பாதி. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மாநகர மன்றம் தன் பங்கை விற்காதவரை ராஜர்ஸின் நடைவீதி பாதி தூரத்தில் நின்றுபோகும். காலம் கடக்கக் கடக்க வட்டி ஏறும். காத்திருக்கும் வலு நிறுவனத்தைவிட மன்றத்துக்கே அதிகம். 1984 மார்ச்சில் கிரேகோட் தன் பங்கை மாநகர மன்றத்துக்கே விற்றுவிட்டு விலகிக்கொண்டது.

அடுத்து நடந்ததுதான் நில வணிகம் தெரிந்தவர்கள் இன்றும் பேசும் காரியம். இயக்கத்தில் இருந்தவர்கள் காயின் ஸ்ட்ரீட் கம்யூனிட்டி பில்டர்ஸ் என்ற நிறுவனத்தைப் பதிவு செய்தார்கள். அதற்குப் பங்குதாரர் கிடையாது. லாபத்தைப் பிரித்துக்கொள்ள முடியாது. அந்த வட்டாரத்தில் வசிப்பவர்களே உறுப்பினர் ஆகலாம். 1984 ஜூனில் மொத்த 13 ஏக்கரையும் மாநகர மன்றம் இந்த நிறுவனத்துக்கு 10 லட்சம் பவுண்டுக்கு விற்றது. அந்தப் பணத்தையும் நிறுவனம் கடனாகவே திரட்டியது. ஆற்றோர நிலம் அவ்வளவு மலிவாக எப்படிக் கிடைத்தது? நிலத்தின் விலை என்பது மண்ணின் விலை அல்ல, அதில் எதைக் கட்டலாம் என்பதன் விலை. வானளாவ அலுவலகம் கட்டலாம் என்றால் ஒரு விலை. குறைந்த வாடகை வீடும் பூங்காவும் மட்டும்தான் கட்டலாம் என்றால் வேறு விலை. மக்கள் திட்டத்தில் உள்ளதைத் தவிர வேறெதற்கும் நிலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனைகளை மாநகர மன்றம் முதலில் ஏற்படுத்தியது. அந்த நிபந்தனைகள் ஏறியதும் சந்தை விலை சரிந்தது. அந்த விலைக்கே கிரயம் நடந்தது. பொதுச் சொத்தை வேண்டியவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள் என்ற குறைகூறலும் எழுந்தது. சட்டப்படி பிழையில்லை; ஆனால் அரசியல் மனம் இல்லாமல் அது நடந்திருக்காது என்பதும் உண்மை. 1986 மார்ச் 31-ஆம் தேதியோடு கிரேட்டர் லண்டன் கவுன்சிலையே மார்கரெட் தாட்சரின் அரசு கலைத்துவிட்டது. இரண்டு ஆண்டு தாமதித்திருந்தால் விற்கவும் ஆள் இருந்திருக்காது.

நிலம் கைக்கு வந்ததும் இடிந்த கட்டடங்களை அகற்றி, விட்டுப்போயிருந்த ஆற்றங்கரை நடைபாதையைச் சேர்த்து முடித்தார்கள். பூங்கா அமைத்து, இயக்கத்தில் முன்னின்று உழைத்த பெர்னி ஸ்பெயின் என்ற உள்ளூர்ப் பெண்மணியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். கட்டப் பணம் சேராத மனைகளைக் கார் நிறுத்துமிடமாக விட்டு வருமானம் பார்த்தார்கள். பழைய கார்க்கொட்டகைகள் இருந்த ஒரு மூலையில் 1988-இல் கேப்ரியல்ஸ் வார்ஃப் என்ற சிறு கடைவீதி எழுந்தது. பின்னால் இருந்த மொட்டைச் சுவரில் வீட்டு முகப்புகளை ஓவியமாகத் தீட்டி ஒரு தெருவையே வரவழைத்தார்கள். தற்காலிகம் என்று தொடங்கியது அப்படியே நிலைத்துவிட்டது.

வீடுகள் நான்கு கட்டமாக வந்தன. 1988-இல் மல்பெரி, 56 வீடுகள். 1994-இல் பாம், 27. 1995-இல் ரெட்வுட், 78. 2001-இல் ஐரோகோ, 59. ஆக மொத்தம் 220. நான்கு பெயர்களும் மரப் பெயர்கள்தாம். மல்பெரி வீடுகளைப் பார்த்த கட்டடக் கலை விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். மாநகரின் நடுமையத்தில் புறநகர்போலத் தணிவான செங்கல் வீடா, பின்பக்கம் தோட்டமா என்று கேட்டார்கள். குழந்தை வளர்ப்பவர்களிடம் கேட்டு வரைந்த திட்டம் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் அந்தக் குறைகூறல் முழுக்க வீணானதல்ல. ஹாவொர்த் டாம்ப்கின்ஸ் வடிவமைத்த ஐரோகோ, அதே குடும்ப வீடுகளை உயர்த்தி நெருக்கி, நடுவே பெரிய முற்றம் விட்டு, மாநகரத் தெருவுக்கு ஏற்ற முகத்தோடு நின்றது.

ரெட்வுட் குடியிருப்பு அமைந்த கட்டடம் தனிக்கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அஞ்சல் துறையின் மின் நிலையமாகக் கட்டப்பட்ட அதை, ஆக்ஸோ என்ற மாட்டிறைச்சிச் சாற்றுக் கட்டிகளைத் தயாரித்த லீபிக் நிறுவனம் 1920-களில் வாங்கி மாற்றிக் கட்டியது. உச்சியில் கோபுரம் எழுப்பி மின்விளக்கில் விளம்பரம் வைக்க நினைத்தார்கள். விளம்பரத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் மூர் வேறு வழி கண்டார். கோபுரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலிருந்து கீழாக ஒரு வட்டச் சன்னல், ஒரு பெருக்கல் குறிச் சன்னல், மீண்டும் ஒரு வட்டச் சன்னல். ஆங்கிலத்தில் படித்தால் ஆக்ஸோ. சன்னலுக்குத் தடை ஏது? அலுவலகத் திட்டம் நிறைவேறியிருந்தால் இந்தக் கட்டடம் இடிபட்டிருக்கும். மக்கள் நிறுவனம் அதைப் புதுப்பித்து, கீழ்த்தளங்களில் வடிவமைப்பாளர்களின் கடைகளும் பட்டறைகளும், நடுவே ஐந்து தளங்களில் கூட்டுறவு வீடுகளும், உச்சித் தளத்தில் விலையுயர்ந்த உணவகமும், அதன் பக்கத்திலேயே யாரும் காசில்லாமல் ஏறி நின்று ஆற்றைப் பார்க்க ஒரு மாடமும் அமைத்தது. உச்சியில் சாப்பிடுபவர் கொடுக்கும் பணத்தில் வரும் வாடகை மற்ற பணிகளுக்கு உதவுகிறது.

குறைந்த வாடகை இத்தனை காலம் குறைந்தே இருப்பதற்கு உரிமை முறை காரணம். 1980-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், உள்ளாட்சி வீடுகளில் குடியிருப்பவர்கள் தள்ளுபடி விலையில் அந்த வீட்டை வாங்கிக்கொள்ளலாம் என்றது. லட்சக்கணக்கான அரசு வீடுகள் அப்படித் தனியார் கைக்குப் போய், பிறகு சந்தை விலைக்கு விற்கப்பட்டன. காயின் ஸ்ட்ரீட் வீடுகள் கூட்டுறவுச் சங்கங்களின் உடைமை. குடியிருப்பவர்கள் அனைவரும் உறுப்பினர்கள், உறுப்பினர்கள் அனைவரும் குடியிருப்பவர்கள் என்ற முழுக் கூட்டுறவுக்கு அந்த வாங்கும் உரிமை பொருந்தாது. ஆகவே ஆற்றோர வீட்டை எவரும் விற்றுக் காசாக்க முடியாது. ஒருவர் போனால், தேவையுள்ள இன்னொரு குடும்பம் வரும். வருகிறவர்கள் கூட்டுறவை நடத்தும் முறை பற்றி முதலில் பயிற்சி பெற வேண்டும். வாடகை வசூல், பழுதுபார்ப்பு, கூட்ட நடவடிக்கை எல்லாம் அவர்கள் தலையில்தான்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மக்கள் என்பது யார்? 1984-இல் அதற்கு விடை எளிது; எதிரே ஒரு நிறுவனம் இருந்தது, இந்தப் பக்கம் மீந்திருந்த சில ஆயிரம் பேர் இருந்தார்கள். வட்டாரம் செழித்த பிறகு விடை குழம்பியது. லண்டன் ஐ சக்கரமும் டேட் மாடர்ன் கலைக்கூடமும் 2000-இல் திறக்கப்பட, ஆற்றங்கரை நடைபாதையில் கூட்டம் வழியத் தொடங்கியது. அக்கம்பக்கத்தில் புதிய குடியிருப்பாளர்கள் வந்தார்கள். நிலம் வைத்திருக்கும் மக்கள் நிறுவனமே ஒரு கட்டத்தில் மற்றவர்கள் கண்ணுக்குக் கட்டுமான நிறுவனமாகத் தெரிந்தது.

டூன் ஸ்ட்ரீட் விவகாரம் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பொது நீச்சல் குளமும் விளையாட்டு மையமும் கட்ட விரும்பிய காயின் ஸ்ட்ரீட் நிறுவனம், அதற்கான செலவை ஈடுகட்ட 43 மாடிக் கோபுரத்தில் விலைக்கு வீடுகள் கட்டத் திட்டமிட்டது. இப்போது ஆட்சேபிப்பவர்கள் வேறு பக்கத்தில் இருந்தார்கள். குடியிருப்பவர்களில் சிலர், வடகரையின் வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றம், தொன்மைக் கட்டடங்களைக் காக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு எல்லாம் எதிர்த்தன. சாமர்செட் மாளிகையின் முற்றத்திலிருந்து பார்த்தால் கோபுரம் கண்ணை உறுத்தும் என்பது ஒரு வாதம். மறுபடியும் பொது விசாரணை. அனுமதி மறுக்கும்படி ஆய்வாளர் பரிந்துரைத்தார். 2008-இல் அமைச்சர் ஹேசல் பிளியர்ஸ் அதை மீறி அனுமதி அளித்தார். உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கும் தள்ளுபடியானது. பத்தாண்டு கடந்தும் கோபுரம் எழவில்லை.

அடுத்தது தோட்டப் பாலம். தேம்ஸ் மீது மரம் செடிகளோடு ஒரு நடைப்பாலம் கட்ட மேயர் போரிஸ் ஜான்சன் காலத்தில் தீவிரமாக முயன்றார்கள். அதன் தென்முனை இறங்க வேண்டிய நிலம் காயின் ஸ்ட்ரீட் நிறுவனத்தின் குத்தகையில் இருந்தது. மரங்களை வெட்டிவிட்டுத் தோட்டமா, நெரிசலை யார் தாங்குவது என்று வட்டாரத்தார் போர்க்கொடி தூக்கினார்கள். நிறுவனமோ குத்தகையில் மாற்றம் செய்வது பற்றிப் பாலக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தது. புதிய மேயர் சாதிக் கான் 2017-இல் நிதிப் பொறுப்பேற்க மறுத்ததும் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு செங்கல் வைக்காமலே 5 கோடி பவுண்டுக்கு மேல் செலவாகியிருந்தது.

பழைய அணிவகுப்பு ஒருமுறை திரும்பி வந்தது. காயின் ஸ்ட்ரீட்டை ஒட்டி, முன்பு ஐடிவி தொலைக்காட்சி நிலையம் இருந்த மனையில், 25 மாடி உயரத்துக்குப் பெரும் அலுவலகக் கட்டடம் கட்ட விண்ணப்பம் வந்தபோது, குடியிருப்போர் அமைப்புகளும் காயின் ஸ்ட்ரீட் நிறுவனமும் ஒரே பக்கம் நின்றன. பட்டப்பெயரும் தயாராக இருந்தது: ‘பாளம்’. விசாரணை நடந்தது, சாட்சியங்கள் பதிவாயின. 2024 பிப்ரவரியில் அமைச்சர் மைக்கேல் கோவ் அந்தக் கட்டடத்துக்கு அனுமதி வழங்கினார். இந்த முறை அந்த நிலத்தில் ஒரு சென்ட்கூட எதிர்த்தவர்களின் கையில் இல்லை.